'எல்லாம் மனசுலதான் இருக்கு' என்கிறார்களே, பிறகு விரல் காயம் ஏன் ஆறவில்லை?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. மாமியார் பக்கவாதத்தில் படுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சும் குழறல். கணவருக்கு வெளியூரில் வேலை. காலை நாலரைக்கு எழுந்தால் படுக்க இரவு பதினொன்று. "எல்லாவற்றையும் சமாளிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகளின் பெயர் மறக்கிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. அரிவாள்மனையில் பட்ட காயம் மூன்று வாரமாக ஆறவில்லை. வீட்டில் சொன்னால் 'எல்லாம் மனசுலதான் இருக்கு, தைரியமா இரு' என்கிறார்கள். உடம்பும் மனசும் அழுத்தத்தை எப்படித்தான் சமாளிக்கின்றன? நான் சமாளிக்கிறேனா, இல்லையா?" இதுதான் கேள்வி.

உங்கள் விரலிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 1995-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு ஒப்பிட, ஏறத்தாழ அதே வயதும் வசதியும் உள்ள, ஆனால் அந்தப் பொறுப்பு இல்லாத வேறு 13 பெண்கள். எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது முழுதாக மூடும்வரை கவனித்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. மூன்று ஆண்டு கழித்து அதே குழு பல் மருத்துவ மாணவர்களிடம் இதையே செய்து பார்த்தது. இம்முறை காயம் வாயின் மேலண்ணத்தில். கோடை விடுமுறையில் ஒரு காயம், தேர்வு நேரத்தில் ஒரு காயம், ஆள் அதே ஆள். தேர்வு நேரத்துக் காயம் ஆற 40 சதவீதம் அதிக நாள் பிடித்தது.

ஆக, 'மனசுலதான் இருக்கு' என்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். மனசில் மட்டும் இருப்பது தோலுக்கு எப்படித் தெரிந்தது?

ஓய்வு பெறும்வரை மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் என் சொந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். முதலாண்டு வாய்மொழித் தேர்வு. எதிரே இரண்டு தேர்வாளர்கள். "அட்ரினலின் உடம்பில் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை நனைந்து, விரல் நுனிகள் சில்லிட்டு, வயிற்றைக் கலக்கியது. ஒரு வார்த்தை வரவில்லை. வெளியே வந்து வராந்தாவில் நின்றபோதுதான் உறைத்தது: கேட்ட கேள்விக்கான பதில் முழுவதையும் என் உடம்பு அவர்கள் முன்னால் நடித்துக் காட்டியிருக்கிறது.

அந்த நேரம் உள்ளே நடப்பது இதுதான். மூளையின் அடியில் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒரு பகுதி உண்டு. அது ஆபத்து என்று சந்தேகப்பட்டால் போதும், நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்காது. உடனே, மூளைக்குள்ளேயே ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான். சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலந்துவிடும். இதயம் வேகமெடுக்கும். ஈரல் தன் கிடங்கைத் திறந்து சர்க்கரையை வெளியே தள்ளும். கண்மணி விரியும். தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். ஓடவோ அடிக்கவோ போகிறவனுக்குச் சோறு செரிக்க வேண்டிய அவசரம் இல்லை. அதனால் இரைப்பை வேலையை நிறுத்திவிடுகிறது. எச்சில் வற்றுகிறது. பெருங்குடல் மட்டும் நேர் எதிராக வேகம் பிடிக்கும். தேர்வு அறை வாசலில் வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

இரைப்பை நிற்பதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. எக்ஸ்ரே வந்த புதிதில், 1890-களின் இறுதியில், ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர் பூனைகளுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் பிஸ்மத் உப்பு கலந்த சாப்பாட்டைக் கொடுத்து அது வயிற்றில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது செரிமானத்தைப் பற்றி. ஆனால் பூனை கலவரப்பட்டால் இரைப்பையின் அசைவு சட்டென்று நின்றது. அமைதியானதும் திரும்பியது. சோதனைக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் அந்த இடைஞ்சலையே பிடித்துக்கொண்டார். 1915-ல் அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் 'எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு' என்ற கருத்து உலகெங்கும் பரவியது.

நம்மிடம் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. உணர்ச்சி உடம்பில் தெரிவதற்குத் தமிழில் 'மெய்ப்பாடு' என்று பெயர், மெய்யில் படுவது. அதற்கெனத் தனி இயலே ஒதுக்கிய தொல்காப்பியம், அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் இங்கே அரசன், மேலே இருப்பவன். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு மாணவர்களைக் கேட்பேன், இந்த நான்கில் அட்ரினலின் எதற்கெல்லாம் உதவும் என்று. விலங்கைக் கண்டால் ஓடலாம். கள்வரோடு மல்லுக்கட்டலாம். மேலே இருப்பவனிடம் எங்கே ஓடுவது, யாரை அடிப்பது? கைகட்டி நிற்க வேண்டியதுதான். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறி, செலவழிய வழியில்லாமல் நிற்கும். இன்றைய நம் அழுத்தங்களில் பெரும்பாலானவை இந்த நான்காவது வகை. உங்களுடையதும் அதுதான். பக்கவாதத்தை அடிக்கவும் முடியாது, மாமியாரை விட்டு ஓடவும் முடியாது.

சரி, அட்ரினலின் வந்த வேகத்தில் போய்விடும். உங்கள் பிரச்சினை அதற்கு அடுத்து வருவது.

ஹைப்போதலாமஸ் இன்னொரு வழியிலும் வேலை செய்கிறது. அது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் மேலுறைக்குச் சொல்ல, அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நரம்பு வழி போகாமல் ரத்த வழியாகப் போகிற தகவல் என்பதால் நேரம் பிடிக்கும். உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். சண்டை முடிந்து எல்லோரும் தூங்கப் போன பிறகும் உங்களுக்கு மட்டும் உடம்பு முறுக்கேறியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டிசாலை வில்லனாக்கி எத்தனையோ காணொளிகள் வந்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்டிசால் இல்லாவிட்டால் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருந்து, பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். அன்றைய நாளை எதிர்கொள்ள உடம்பு கொடுக்கும் முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு உங்களுக்கு விழிப்பு வருவதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம். தூக்கம் இயல்பாகவே மெலிந்து, கார்டிசால் ஏறத் தொடங்கும் நேரம் அது. அக்கறை குறைந்தவர் புரண்டு படுப்பார். மாமியார் முனகுகிறாரா என்று தூக்கத்திலும் காது கொடுத்தே பழகிப்போன நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள்.

இதில் அழகான ஏற்பாடு, கார்டிசாலே கார்டிசாலை நிறுத்தும் என்பதுதான். மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் நம் வீடுகளில் இருக்கிறதல்லவா, அது மாதிரி. ரத்தத்தில் போதுமான அளவு கார்டிசால் சேர்ந்ததும் மூளை அதை உணர்ந்து சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. அந்தச் சென்சார்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் இருக்கிறது. 1968-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கீவன் எலிகளின் மூளையில், கார்டிசால் வகை ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள் ஹிப்போகாம்பஸில் மிகுந்திருப்பதைக் கண்டார். நாம் புதிதாக ஒன்றை நினைவில் பதிக்க உதவுவதும் அதே ஹிப்போகாம்பஸ்தான். பெயர் மறப்பதற்கும் அழுத்தம் அடங்காமல் இருப்பதற்கும் ஒரே முகவரி என்பது தற்செயல் இல்லை.

மாதக்கணக்கில் மோட்டார் ஓடினால் அந்தச் சென்சாரே பழுதாகத் தொடங்குகிறது. நாள்பட்ட அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. கிளைகள் போனால் நிறுத்தச் சொல்லும் குரல் பலவீனமாகிறது. குரல் பலவீனமானால் இன்னும் கார்டிசால். இதிலே பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வை நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு குறை. சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் 2002-ல் காட்டியது இது: அதே அழுத்தத்தில் ஹிப்போகாம்பஸ் கிளைகள் சுருங்கும்போது அமிக்டலாவின் கிளைகள் வளர்கின்றன. நினைவு மெலிகிறது, பயம் தழைக்கிறது. பிறகு அழுத்தத்தை நிறுத்தி மூன்று வாரம் விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகாம்பஸ் மீண்டது. அமிக்டலா அந்த மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு வரவில்லை. எலிக்கு நடந்ததெல்லாம் அப்படியே மனிதருக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கஷ்டம் தீர்ந்த பிறகும் ஃபோன் மணி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறதே, அது ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எலிகளைத்தான் காட்டுவேன்.

காயத்துக்கு வருகிறேன். கார்டிசால் நோய் எதிர்ப்பாற்றலின் கையைக் கட்டிவைக்கும். கொஞ்ச நேரத்துக்கு அது புத்திசாலித்தனம். புலி துரத்தும்போது காலில் தைத்த முள்ளுக்கு வீக்கம் வந்து நிற்க வேண்டியதில்லை. பிழைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் காயம் ஆறுவதற்கு முதல் படியே அந்த வீக்கமும் சிவப்பும்தான். எதிர்ப்பு அணுக்கள் வந்து குப்பையை அகற்றினால்தான் புதுத் தோல் வரும். அவர்களைப் பதினான்கு மாதமாக 'அப்புறம், அப்புறம்' என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது உங்கள் உடம்பு. முடியும் அப்படித்தான். நெருக்கடியில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். கஷ்டம் நடக்கும்போது கொட்டாமல் பிறகு கொட்டுவதால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

எனவே 'சமாளிக்கிறேனா, இல்லையா' என்பதற்கு என் பதில்: சமாளிக்கிறீர்கள், கடன் வாங்கி. அவசரத்துக்கு அட்ரினலினும் கார்டிசாலும் கொடுப்பது கைமாற்று. இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தால் வட்டியே கிடையாது. திருப்பாமல் மேலும் மேலும் வாங்கினால் கந்துவட்டி. தூக்கத்தில் கொஞ்சம், நினைவில் கொஞ்சம், தோலில் கொஞ்சம், நீண்டகாலத்தில் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கொஞ்சம் என்று வட்டி பிடிப்பார்கள். மெக்கீவன் இந்தத் தேய்மானத்துக்கு 1993-ல் ஒரு பெயரே வைத்தார், 'அலோஸ்டேடிக் சுமை' என்று. ஈடுகொடுத்து ஈடுகொடுத்து ஏறிய சுமை.

இடையில் ஒன்று. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவத்துக்குள் நிலைநாட்டியவர் மான்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செல்யே. 1936-ல் நேச்சர் இதழில் ஒரு பக்கம்கூட வராத குறிப்பு ஒன்றை எழுதினார். எலிகளை எந்த விதத்தில் துன்புறுத்தினாலும் அட்ரினல் வீங்குகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பி சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது என்று. இறுதியில் உடம்பு களைத்துப்போகும் என்றார். அந்தக் 'களைப்பை' வைத்துக்கொண்டு இன்று 'அட்ரினல் சோர்ந்துவிட்டது' என்று பொடி, மாத்திரை விற்கிறார்கள். ஹார்மோன் மருத்துவர்கள் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை. உங்கள் சுரப்பி தீர்ந்துபோகவில்லை. நிறுத்த ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. காசை வீணாக்காதீர்கள். தமிழிலும் ஒரு குழப்பம் உண்டு. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் எழுதுகிறார்கள், டிப்ரெஷனுக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. முன்னது பளு, பின்னது நோய். பளு நாள்பட்டால் நோயில் கொண்டுவிடலாம் என்பதால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

இனி மனசு.

ஒரே பளு எல்லோரையும் ஒரே மாதிரி அமுக்குவதில்லை. ஜே வைஸ் என்பவர் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் செய்த சோதனைகளில் இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்கம்பி இணைப்பு. இரண்டுக்கும் ஒரே நொடியில், ஒரே அளவில் ஷாக். ஓர் எலியால் மட்டும் ஒரு சக்கரத்தைத் திருப்பி அதை நிறுத்த முடியும். அது நிறுத்தினால் மற்றதற்கும் நிற்கும். வலி இருவருக்கும் சமம். ஆனால் எதுவும் செய்ய முடியாமல் கிடந்த எலிக்குத்தான் வயிற்றுப் புண் மிக அதிகம். (மனிதரின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா காரணம் என்று பின்னால் தெரிந்து, பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. அதற்காக இந்த எலிகள் சொன்னது பொய்யாகிவிடவில்லை.)

எலி வேண்டாம் என்றால் லண்டன் குமாஸ்தாக்களைப் பாருங்கள். பெரிய அதிகாரிகளுக்குத்தான் டென்ஷன், அவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று நாம் நம்புகிறோம். 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் சுமார் 18,000 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இதய நோயால் இறந்தவர்கள் உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடையே மூன்று மடங்குக்கும் மேல். புகை, கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளி முழுதாகப் போகவில்லை. மைக்கேல் மார்மட் குழுவினர் பிறகு நடத்திய இரண்டாவது ஆய்வு ஒரு முக்கியக் காரணத்தைச் சுட்டியது: தன் வேலையில் தனக்கே எந்தப் பிடியும் இல்லாத நிலை. வேலைப் பளுவைவிட அந்தச் சக்கரம் நம் கையில் இருக்கிறதா என்பது உடம்புக்கு முக்கியமாகப் படுகிறது.

உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ் இதை எளிமையாகப் பிரித்தார். ஒரு கஷ்டம் வந்ததும் மனசு இரண்டு கேள்வி கேட்கிறதாம். இதனால் எனக்கு என்ன ஆகும்? இதற்கு என் கையில் என்ன இருக்கிறது? இரண்டாவதற்கு 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் உடம்பு முழு வேகத்தில் மோட்டாரைப் போட்டுவிடும். சமாளிப்பதிலும் அவரும் சூசன் ஃபோக்மனும் இரண்டு வழியைச் சொன்னார்கள். ஒன்று, பிரச்சினையையே கையில் எடுத்துச் சரிசெய்வது. இன்னொன்று, பிரச்சினை அப்படியே இருக்க, அது நமக்குள் கிளப்புவதை ஆற்றிக்கொள்வது. அழுவது, சாமியிடம் சொல்வது, அக்காவிடம் புலம்புவது, சிரித்துத் தள்ளுவது எல்லாம் இந்த இரண்டாவது. இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். மாற்றவே முடியாத இடத்தில் அதுதான் சரியான கருவி.

சிக்கல், நாம் கருவியை மாற்றிப் பிடிப்பதில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். மாமியாரின் வலது கை பழையபடி வருமா என்று மூன்று மருத்துவமனை, இரண்டு எண்ணெய் வைத்தியர் என்று அலைந்திருக்கிறீர்கள். பக்கவாதத்தில் மீட்சி பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வேகமாக வரும், பிறகு மெதுவாகும். பயிற்சியை விடச் சொல்லவில்லை; ஆனால் அந்தக் கையோடு நடத்தும் போரை நிறுத்தலாம். அதே சமயம், உள்ளூரிலேயே இருக்கும் நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து, 'அம்மாவுக்கு முதுகைத் திருப்பிப் படுக்க வைக்கிறீங்களா' என்று விசாரித்துவிட்டுப் போகிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் அழுதிருக்கிறீர்கள், கேட்கவில்லை. மாற்ற முடியாததோடு மல்லுக்கட்டி, மாற்றக்கூடியதற்கு அழுதிருக்கிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் மனைவிக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன், உடலியங்கியல் எல்லாம் தெரிந்துகொண்டே.

சரி, மோட்டாரை நிறுத்துவது எப்படி? உடம்பு வழியாகவே தொடங்கலாம், அதுதான் எளிது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும்; விடும்போது வேகஸ் என்ற நரம்பின் பிடி இறுகி மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஆகவே விடும் மூச்சை நீட்டினால் இதயத்துக்கு பிரேக் போட்டதாகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில், ஐந்து நிமிடம் போதும். மாமியாருக்குக் கஞ்சி ஆறும் நேரத்தில் செய்துவிடலாம். நடையும் அப்படியே. ஈரல் தள்ளிய சர்க்கரை ஓடுவதற்காக வந்தது. இருபது நிமிடம் வேகமாக நடந்தால் அதை அதன் வேலைக்கே செலவழித்ததாகிறது. யோகா வகுப்பு, ஆப், அழகான பாய் எதுவும் வேண்டியதில்லை.

எழுதிப் பார்ப்பதும் சிலருக்கு உதவுகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் கல்லூரி மாணவர்களை, மனத்தை உறுத்தும் விஷயத்தைத் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே மனசு இன்னும் கனத்தது என்றார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை, பலனும் பெரிதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. செலவில்லை, செய்து பாருங்கள். எழுதியதைக் கிழித்துப்போட்டாலும் கணக்குத்தான்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது இன்னொரு கையை. ஜேம்ஸ் கோன் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் திருமணமான 16 பெண்களை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, கணுக்காலில் லேசான ஷாக் வரலாம் என்று பயமுறுத்தினார்கள். தனியாக இருந்தபோது மூளையில் ஆபத்துக்கான பரபரப்பு அதிகம். முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்திருந்தபோது கொஞ்சம் குறைந்தது. கணவர் பிடித்திருந்தபோது நன்றாகவே குறைந்தது, தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. ஷாக் வரும் வாய்ப்பு எப்போதும் ஒன்றுதான். வெளியூரில் இருக்கும் உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியை மட்டுமாவது அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு ஃபோனில் 'மருந்து கொடுத்தாச்சா' என்று கேட்பதற்கு முன்னால் 'நீ சாப்பிட்டியா' என்று கேட்டால், அதுவும் ஒரு விதத்தில் கை பிடிப்பதுதான்.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த படிப்புக்கு மரியாதை இல்லை. எல்லாவற்றையும் அழுத்தத்தின் தலையில் கட்டக் கூடாது. ஆறாத காயம் என்றால் முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி ஒன்று. மறதி, முடி உதிர்தல், களைப்பு மூன்றும் சேர்ந்திருப்பதால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாருங்கள். இவற்றில் ஒன்று குறைந்திருந்தால் மூச்சுப் பயிற்சி செய்து பயனில்லை. நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால் 'டென்ஷன்தான்' என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள். கடும் துக்கத்தில் இதயமே திடீரென்று உப்பித் தளர்ந்துவிடும் நிலை ஒன்று உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்தைப் பார்த்து 'டகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது. மாரடைப்பு மாதிரியே இருக்கும், மருத்துவமனையில் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் இறங்காமல், 'நான் இல்லாவிட்டால் என்ன' என்ற எண்ணம் வந்தால், அது மேலே சொன்ன பளு இல்லை, நோய். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வரும்போது 'கொஞ்சம் உதவி செய்யுங்க அண்ணி' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'ஐயோ, கண்டிப்பா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கிழமையும் மணியும் வைத்துக் கேளுங்கள்: "புதனும் வெள்ளியும் சாயங்காலம் அஞ்சரையிலிருந்து எட்டு வரைக்கும் நீங்க அத்தையைப் பார்த்துக்கணும், நான் வெளியே போய்ட்டு வரேன்." எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். அதற்கு பதில் சொல்ல வேண்டியதில்லை.